சிம்னி குழாயை எந்த வழியாகக் கொண்டுபோவது?

வணக்கம். மதுரையில் எங்கள் பழைய வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். அடுப்புக்குப் பின்சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. அதனால் சிம்னி குழாய் பரணுக்குள் 12 அடி ஓடி, இரண்டு இடத்தில் வளைந்துதான் வெளியே போகணும். வளைவு கூடினால் இழுவை குறையுமே என்று கவலை. அம்மா மிளகாய் வற்றல் வறுத்தால் கூடம் வரை இருமல் வரும். கரி ஃபில்டர் வைத்துக் காற்றை உள்ளேயே விடும் வகை வேண்டாம். சூடும் ஈரமும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

6 அங்குல வாய்க்கு 4 அங்குலக் குழாய் போதும் என்கிறார் கொத்தனார். நான் சம்மதிக்கவில்லை, குறுக்கினால் சத்தமும் கூடும்.

மடங்கும் அலுமினியக் குழாயா, உள்ளே வழவழப்பான பிவிசியா? இவ்வளவு நீளம் போட்டவர்கள் எண்ணெய் தேங்குகிறதா என்று சொல்லுங்கள். இல்லை, அடுப்பையே வெளிச்சுவர்ப் பக்கம் மாற்றிவிடலாமா? டைல்ஸ் ஒட்டுவதற்குள் முடிவெடுக்கணும்.