நெல் காயும் ரோட்டில் அடாஸ் வண்டி: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வலங்கைமான் பச்சைபிளேட்:

மின்சார காரின் சார்ஜ் செலவு, ரேஞ்ச், பேட்டரி வாரண்டி எல்லாம் போதும் போதும் என்கிற அளவுக்குப் பேசியாகிவிட்டது. பெட்ரோல் காசு மிச்சம் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. மேடு பள்ளம் இல்லாத பூமி நம்முடையது, மலை ஏறிப் பேட்டரி தீரும் என்ற கவலையும் கிடையாது. என் குறை வேறு. ஓட்டுகிறவனுக்கு உதவி என்று சொல்லி வண்டிக்குள் ஏற்றி அனுப்பியிருக்கிறார்களே அடாஸ், தானே ஸ்டியரிங்கைத் திருப்புவது, தானே பிரேக் போடுவது எல்லாம், அதைப் பற்றித்தான். கம்பெனி பெயர் எழுதப்போவதில்லை. தனியாகக் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

குறுவை அறுப்பு சமயம். நீடாமங்கலத்திலிருந்து கொரடாச்சேரி வழியாகத் திருவாரூர் போய்க்கொண்டிருந்தேன். அந்த ரோட்டை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இடது பக்கம் பாதி ரோடு நெல். ஓரத்தில் கல்லையும் ஒடித்த கிளையையும் வைத்து அணை கட்டியிருந்தார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூட்டையை எடுக்கமாட்டார்கள். மழைக்கு நடுவே கொஞ்ச நேரம் வெயில் அடித்தால் தார் ரோட்டைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்? அதனால் நெல் போட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் வீட்டு நெல்லும் அப்படித்தான் காய்கிறது.

எதிரே வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. நெல்லைச் சுற்றிக்கொண்டு போக வலப்பக்கம் ஒடித்தேன். இண்டிகேட்டர் போடவில்லை. நம் பக்கத்தில் நெல்லுக்கு இண்டிகேட்டர் போடுகிறவர் யார்? உடனே ஸ்டியரிங் என் கையை மீறி இடப்பக்கம் இழுத்தது. நான் தூங்கிப்போய் நடுக்கோட்டைத் தாண்டுகிறேன் என்பது அதன் கணக்கு. இழுத்த பக்கத்தில் ஓர் அம்மா நின்று காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். பலங்கொண்ட மட்டும் திருப்பி வெளியே வந்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் “கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று அந்த அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கண் கண்ணாடியில் இருக்கிறது என்றா சொல்வது?

உண்மையும் அதுதான். முன் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா கோட்டைப் பார்க்கிறது, பம்பருக்குள் உள்ள ரேடார் முன்னால் போகும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கிறது. கோட்டுக்குள் பிடித்து வைக்கும் வேலை என் வண்டியில் 60 கி.மீ. வேகத்துக்கு மேல்தான் தொடங்கும். அதனால் குடமுருட்டிக் கரை, வெண்ணாற்றங்கரை ரோடுகளில் இதனால் தொல்லையே இல்லை. அங்கே கோடும் கிடையாது, வேகமும் கிடையாது. 2025 ஜூலையில் திறந்த சேத்தியாத்தோப்பு–சோழபுரம் நான்குவழிச் சாலையிலும் அருமையாக வேலை செய்கிறது, எதிர்த்திசையில் புல்லுக்கட்டோடு மொபெட் வருகிறவரை. அவதி எல்லாம் இடைப்பட்ட ரோட்டில். அங்கே கோடு போட்டிருப்பார்கள், கோட்டுப்படி போக ரோடு விடாது.

சரி, அணைத்துவிடலாமே என்பீர்கள். அணைக்கலாம். திரையில் செட்டிங்ஸ் போய், வாகனம் என்பதைத் தொட்டு, அதற்குள் பாதுகாப்பு, அதற்குள் பாதை உதவி. அணைத்த பிறகு ‘இது ஆபத்து, உறுதியாகவா?’ என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றால் அணையும். கடைத்தெருவில் நிறுத்திக் காய்கறி வாங்கிக்கொண்டு வந்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழையபடி உயிரோடு உட்கார்ந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறக்கவும் விடாது. ஏசி 23-இல் வைத்தால் நினைவில் வைத்துக்கொள்கிறது, பாட்டு எந்த வரியில் நின்றது என்று நினைவில் வைத்துக்கொள்கிறது, நான் வேண்டாம் என்றதை மட்டும் மறந்துவிடுகிறது. காசு கொடுத்தவன் நான், ஆர்சி புத்தகத்தில் என் பெயர். என் வண்டியில் நான் அணைத்தது அணைந்தே கிடக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

வேகம் 80-ஐத் தாண்டினால் கூவுவது வேறு விஷயம். அது 2019 ஜூலை 1 முதல் எல்லாப் புது வண்டிக்கும் உள்ள சட்டம், பெட்ரோல் வண்டியும் கூவும். 120-ஐத் தாண்டினால் நிறுத்தாமல் கூவும். அதை யாரும் இங்கே கொண்டுவராதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜல்லி லாரிக்குப் பின்னால் போனதில் கல் தெறித்து முன் கண்ணாடி கீறிவிட்டது. தஞ்சாவூரில் கண்ணாடியை மாற்றினார்கள், இன்சூரன்ஸில் பெரும்பகுதி வந்தது. மாற்றிய பிறகு கேமராவுக்குக் காலிப்ரேஷன், அதாவது அதன் பார்வையைச் சரிசெய்து அமைப்பது, செய்ய வேண்டுமாம். சமதளமான இடத்தில், அளந்த தூரத்தில் கட்டம் போட்ட பலகையை நிறுத்திக் கேமராவுக்குக் காட்டுவார்கள். அந்தப் பலகை தஞ்சாவூரில் இல்லை, திருச்சிக்குப் போ என்றார்கள். திருச்சியில் ஆள் லீவு. அதுவரை அடாஸ் மொத்தமும் படுத்துக்கொண்டது. ஒருவிதத்தில் நிம்மதிதான். ஆனால் கூடவே சாதாரண க்ரூஸ் கண்ட்ரோலும் போய்விட்டது. ஒரே வேகத்தில் ஓடுவதற்குக் கேமரா எதற்கு? சர்வீஸ் சென்டரில் கேட்டால் “சிஸ்டம் அப்படித்தான் சார்” என்கிறார்கள். எங்கள் ஊர் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இதுல நான் கை வைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே” என்று மூடிவிட்டார். டிராக்டர் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிற ஆள் அவர்.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

மன்னார்குடி மாப்ளே:

அண்ணே, நீங்கள் கோட்டில் நிற்கிறீர்கள், நான் இன்னும் பிளக்கிலேயே நிற்கிறேன். வண்டி வந்த அன்று 15 ஆம்பியர் பிளக்கில் செருகினேன், சார்ஜரில் சிவப்பு விளக்கு. எர்த் சரியில்லை என்றால் அது ஏறாது. அதே பிளக்கில் மோட்டார் ஓடுகிறது, கிரைண்டர் ஓடுகிறது, இதற்கு மட்டும் ஆகாது. எலக்ட்ரீஷியன் வந்து குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் பைப் இறக்கினார், விளக்கு பச்சையானது. சித்திரையில் மறுபடி சிவப்பு. நம் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறதல்லவா, குழியில் ஈரம் போனால் எர்த்தும் போய்விடுகிறது. இப்போது துளசிக்குத் தண்ணீர் ஊற்றும்போது எர்த் குழிக்கும் ஒரு குடம் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். அம்மா சிரிக்கிறார்.

அப்புறம் வோல்டேஜ். சுற்றிலும் பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் சார்ஜர் தானே நின்றுவிடும். நின்றதை ஆப்பில் சொல்லும், ஆனால் எனக்குத் தெரிவது காலையில்தான். ராத்திரி பத்துக்கு மேல் போட்டால் பிரச்சினை குறைவு.

அடாஸ் பற்றி ஒன்று. மினி பஸ் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்போது இது தானாகப் பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்று எந்த இன்ஜினியராவது யோசித்தாரா? வடுவூர் தாண்டி ஒரு பைக் குறுக்கே வெட்டினார். நம் ஊர்க் கணக்கில் தாராளமான இடைவெளி, நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தாலே போதும். வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த மினி பஸ் டிரைவர் இறங்கி வந்து, “என்ன தம்பி, புதுசா ஓட்டுறீங்களா?” என்றார். வண்டிதான் பிரேக் போட்டது என்றால் நம்புவாரா?

அணைக்கரை ராத்திரி:

வலங்கைமான் சார் கோபம் நியாயம். ஆனால் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். கோட்டுக்குள் இழுப்பது வேறு, தானாகப் பிரேக் போடுவது வேறு.

தை மாதம், விடிகாலை. கொள்ளிடம் பக்கம் பனி எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். மெதுவாகத்தான் வந்தேன். முன்னால் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று திரையில் சிவப்பு, கூடவே பிரேக். நின்ற பிறகுதான் கரும்பு டிராக்டரின் டிரெய்லர் கண்ணுக்குத் தெரிந்தது. பின்விளக்கு இல்லை, சிவப்புப் பட்டை இல்லை, ஒரு சாக்குகூடக் கட்டவில்லை, கரும்பு மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. பனிக்குள் கேமராவுக்குத் தெரிந்திருக்காது, ரேடார்தான் பார்த்திருக்க வேண்டும். என் மனைவி பக்கத்து சீட்டில் இருந்தார். அன்றிலிருந்து அந்தப் பிரேக்கை நான் அணைப்பதில்லை, மன்னார்குடித் தம்பியின் மினி பஸ் டிரைவர் என்ன சொன்னாலும் சரி.

அணைத்தாலும் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் தானே உயிர்பெறுகிறது என்று குறைபட்டிருந்தீர்கள். ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புது கார்களிலும் தானியங்கிப் பிரேக், பாதை உதவி, வேக எச்சரிக்கை கட்டாயம், ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் அவை இயக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதி. நமக்கு அப்படி ஒரு கட்டாயம் கார்களுக்கு இல்லை. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப்பின் நட்சத்திரக் கணக்கும் அடாஸுக்கு மதிப்பெண் இல்லாமல்தான் தொடங்கியது. அங்கே எழுதிய சாஃப்ட்வேரை இங்கேயும் அப்படியே ஏற்றிவிட்டார்களோ என்பது என் சந்தேகம். நினைவில் வைத்துக்கொள்ள ஒரு பட்டன் கொடுப்பதில் சட்டச் சிக்கல் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பாபநாசம் வெற்றிலைக்கொடி:

சிரிக்க ஒரு செய்தி. எங்கள் வண்டியில் ஓட்டுநர் முகத்தைப் பார்க்க ஒரு கேமரா உண்டு. பெரியப்பா ஓட்டினார். கும்பகோணம் வெற்றிலை, சீவல், வாயில் எப்போதும் இருக்கும். துப்புவதற்கு ஜன்னல் பக்கம் திரும்பும்போதெல்லாம் ‘ரோட்டைப் பாருங்கள்’ என்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் திரையில் காபிக் கோப்பை படம், ஓய்வெடுங்கள் என்று. பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம். கும்பகோணம் எல்லைக்குள் வந்ததும் காபி கேட்கிறதே, நல்ல வண்டி என்றார். கடையில் நிறுத்தி எல்லோரும் டிகிரி காபி குடித்தோம். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால் க்ரூஸ் வேலை செய்யவில்லை. கவனக்குறைவு அதிகமாம், தண்டனை! கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, பூட்டித் திறந்த பிறகுதான் விட்டது. எழுபது வயது மனுஷர், அம்பாசிடர் காலத்திலிருந்து ஓட்டுகிறவர், பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றிய மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

இரண்டு உருப்படியான விஷயம். ஒன்று, அறுப்பு நேரத்தில் சாயங்காலம் விளக்கைப் பார்த்து வரும் பூச்சி கேமரா முன்னாலும் பம்பரிலும் அப்பிக்கொண்டால் ‘சென்சார் மறைக்கப்பட்டுள்ளது’ என்று வரும். சர்வீஸுக்கு ஓடாதீர்கள், ஈரத்துணி போதும். இரண்டு, ரோட்டில் பரப்பிய வைக்கோல்மேல் ஏற்றாதீர்கள். அடியில் உள்ள மூடியில் சிக்கிக்கொண்டு இழுபடும். சைலன்சர் சூடு இல்லையே என்று நினைக்காதீர்கள், சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் எந்த வண்டிக்கும் ஆபத்துதான்.

வேதாரண்யம் உப்புக்காற்று:

இங்கே பிரச்சினை அடாஸ் இல்லை. கஜா வந்தது 2018 நவம்பர் 16. எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, போஸ்ட், மரமெல்லாம் விழுந்து கிடந்தது. அன்று இந்த வண்டி இருந்திருந்தால் வாசலில் நின்றிருக்கும், அவ்வளவுதான். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் நான் சார்ஜை எண்பது சதவீதத்தில் நிறுத்துவதில்லை, புயல் செய்தி வந்தால் நூறு. வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கும் வசதி உள்ளவர்கள் அந்த அடாப்டரை மறக்காமல் வாங்கி வையுங்கள். போன மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது ஃபேன், விளக்கு, தெருவில் உள்ளவர்களின் செல்போன் எல்லாம் அதில் ஓடியது. வண்டி வாங்கியதைக் கேலி செய்தவர்களும் சார்ஜரோடு வந்தார்கள்.

பேட்டரி ஐபி67 என்று சொல்வதை நம்பி வெள்ளத்தில் இறக்கிவிடாதீர்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் நின்றால் தண்ணீர் புகாது என்பதுதான் அதன் அர்த்தம். ஓடும் தண்ணீரில் ஓட்டலாம் என்று அதில் எங்கும் சொல்லவில்லை.

வலங்கைமான் பச்சைபிளேட்:

அணைக்கரை சார், ஒப்புக்கொள்கிறேன், பிரேக்கை நான் குறை சொல்லவில்லை. அதன் எச்சரிக்கை தூரத்தை ‘குறைவு’ என்று வைத்திருக்கிறேன். ஆச்சரியம், அந்த செட்டிங் மட்டும் மறக்காமல் இருக்கிறது. மன்னார்குடித் தம்பி, உங்கள் வண்டியிலும் இருக்கும், தேடிப் பாருங்கள். மினி பஸ் தொல்லை பாதி குறையும்.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் முன்னுரிமை’ என்று ஆரம்பித்து, வருங்கால அப்டேட்டில் பரிசீலிப்போம் என்று முடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஓர் அப்டேட் வந்தது. கதவு திறந்தால் வரும் வரவேற்பு இசை மாறியிருக்கிறது.

இப்போதைக்கு வழி: ஸ்டியரிங்கில் நட்சத்திரக் குறி பட்டன் உள்ளவர்கள் பாதை உதவியை அதில் ஏற்றிவிடுங்கள். செட்டிங்ஸில் ‘குறுக்குவழி’ என்ற இடத்தில் இருக்கும். நீள அழுத்தினால் அணையும், மெனுவுக்குள் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அழுத்த வேண்டும்தான். அந்தப் பட்டன் இல்லாதவர்கள் நெல்லுக்கும் இண்டிகேட்டர் போட்டுப் பழகுங்கள், இண்டிகேட்டர் போட்டால் இழுக்காது.

கும்பகோணத்தில் கேமரா காலிப்ரேஷன் யாராவது செய்கிறார்களா? என் மச்சான் வண்டியிலும் இப்போது கண்ணாடி போய்விட்டது.

பாபநாசம் வெற்றிலைக்கொடி:

இல்லை. திருச்சிதான். போன் போட்டு, ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.