புதுப்பிப்பு: இரண்டாவது டிஎம்ஏ பஃபர் கிடைக்காத சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிக்கல் இதுதான்: ஏஆர்எம்64 போர்டில், லினக்ஸில், என் கேமரா டிரைவர் தலா 24 எம்பிக்கு இரண்டு கோஹெரன்ட் டிஎம்ஏ பஃபர்கள் (சிபியூ வழியாகப் போகாமல் சாதனமே நேரடியாகப் படித்து எழுதும், இரு பக்கமும் ஒரே தரவைக் காணும் நினைவகப் பகுதிகள்) கேட்கும். முதலாவது கிடைக்கும், அடுத்ததற்கு -12 பிழை (நினைவகம் இல்லை என்று பொருள்). ரேமோ பாதிக்கு மேல் காலி.

சிஎம்ஏ (பெரிய தொடர் நினைவகத் துண்டுகளுக்காகக் கர்னல் பூட் ஆகும்போதே ஒதுக்கி வைக்கும் பகுதி) அளவைப் பாருங்கள் என்ற பதில்தான் வேலை செய்தது. மெம்இன்ஃபோவில் (நினைவக நிலவரம் காட்டும் கோப்பு) பார்த்தால் சிஎம்ஏ மொத்தமே 32 எம்பி. இந்தச் சாதனத்துக்கு ஐஓஎம்எம்யூ (சிதறிய பக்கங்களைச் சாதனத்துக்கு ஒரே தொடராகக் காட்டும் வன்பொருள்) கிடையாது, ஆகவே நினைவகம் ஒரே தொடராக வேண்டும். 4 கேபி பக்கங்கள் என்றால் கர்னலின் வழக்கமான ஒதுக்கீடு ஒரே துண்டாக 4 எம்பி வரைதான் தரும். ஜிஎஃப்பி கொடிகளை (கர்னலிடம் நினைவகத்தை எப்படி ஒதுக்க வேண்டும் என்று சொல்லும் குறிகள்) மாற்றும் யோசனை பலிக்காததற்கும் அதுதான் காரணம். பூட் வரியில் (கர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் அமைப்புகள்) சிஎம்ஏ அளவை 128 எம்பி ஆக்கினேன், அப்புறம் இரண்டும் கிடைத்தன.

எதிர்பாராத ஒன்று: மெம்இன்ஃபோ காட்டும் சிஎம்ஏ ஃப்ரீ (காலி அளவு) எண் சில நேரம் பஃபர் அளவுக்கும் கீழே இறங்குகிறது, ஆனாலும் ஒதுக்கீடு நடக்கிறது. அந்தப் பகுதி சும்மா கிடப்பதில்லை. நகர்த்தக்கூடிய பக்கங்களுக்குக் கடனாகப் போகிறது. டிரைவர் கேட்டதும் கர்னல் அவற்றை வேறிடத்துக்கு மாற்றுகிறது. அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால், டிரைவர் ஏறும்போதே பஃபர்களை வாங்கி வைத்துவிடுகிறேன்.