பனியில் பிழைத்தது, ஐப்பசியில் அழுகியது: வண்ணச் சதைப்பற்றுச் செடிகளோடு நாங்கள் பட்ட பாடு

மடிப்பாக்கம் மொட்டைமாடி:

போன ஆண்டு மே விடுமுறையில் உதகைக்குப் போயிருந்தோம். திரும்பும்போது வர்க்கி, தைலப் புட்டிகளோடு எச்சிவேரியா என்ற சதைப்பற்றுச் செடி ஒன்பது தொட்டிகளும் காரில் ஏறின. ஒன்று சாம்பல் பூத்த நீலம். ஒன்று ஊதா கலந்த இளஞ்சிவப்பு. இன்னொன்றில் இலை நுனிகள் மட்டும் மருதாணி இட்ட விரல்கள் போலச் சிவந்திருந்தன. "எதையும் தாங்கும் செடி அம்மா, தண்ணீர்கூடக் கேட்காது" என்றார் நர்சரிக்காரர். அவர் பொய் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது. அவருடைய ஊரில் அது தாங்கும்.

முதலில் போனது நிறம். சென்னை வெயிலில் இலைகள் கருகத் தொடங்கியதால் தொட்டிகளை நிழல்வலைக்குக் கீழே நகர்த்தினேன். ஆறே வாரத்தில் ஒன்பதும் ஒரே பச்சை. வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீண்டு, அடுக்கு கலைந்து, ரோஜாப் பூப் போல இருந்தவை முட்டைக்கோஸ் தண்டு போல நின்றன. சரி, உயிரோடாவது இருக்கின்றனவே என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை தொட்டுப் பார்த்தால் இலைகள் வதக்கிய வெங்காயம் போல வழுக்கிக்கொண்டு கையோடு வந்தன. தண்டைக் குறுக்கே வெட்டினேன், உள்ளே கறுப்பு. தொட்டியைக் கவிழ்த்தபோதுதான் மண்ணே இல்லை, முழுக்கத் தென்னை நார்க்கழிவு என்று தெரிந்தது. மலையிலிருந்து சுமப்பதற்கு அது இலேசு. ஆனால் பிழிந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது.

இன்னொரு காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கின்றன. பகலில் திறந்தால் பாலை வெயிலில் நீரெல்லாம் ஆவியாகிவிடும் என்பதற்கான ஏற்பாடு. மெக்சிகோ மலைகளில் இரவு குளிர்கிறது, அதனால் நடக்கிறது. நடுராத்திரியிலும் வேர்க்கிற மடிப்பாக்கத்தில் அது எப்போது மூச்சு விடும்?

என் மாமியார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருடைய பத்துமணிப்பூத் தொட்டி பக்கத்திலேயே ஐந்து நிறத்தில் பூத்துக்கொண்டிருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

ஒன்பதில் ஒன்று பிழைத்திருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நிறத்துக்காகச் செடி வாங்கியவர்கள், ஏமாந்திருந்தாலும் ஏமாறாவிட்டாலும் எழுதுங்கள்.

ஸ்காபரோ, டொராண்டோ:

தங்கச்சி, உங்கள் செடிகள் மழையில் போயின. என்னுடையவை பனிக்கு அடியில் கிடந்து பிழைத்தவை. ஆனால் நானும் முதலாம் வருடம் எல்லாவற்றையும் கொன்றவன்தான்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் இல்லாத பூங்கன்று இல்லை. கனடாவுக்கு வந்த பிறகு ஆறு மாதம் வெறும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே பெரிய கவலையாக இருந்தது. அயல்வீட்டில் ஒரு ஜெர்மானியக் கிழவி இருந்தார். ஒரு நாள் முட்டைப் பெட்டியின் குழிகளில் பன்னிரண்டு குட்டிக் கன்றுகளை வைத்துக் கொண்டுவந்து தந்தார். செம்பெர்விவம். 'என்றும் உயிரோடிருப்பது' என்று லத்தீனில் பொருள். அவருடைய ஊரில் இதைக் கூரை ஓடுகளின் மேல் வளர்ப்பார்களாம், இடி விழாது என்ற நம்பிக்கையில். கதை என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், ஒவ்வொரு தோட்டக்காரனும் தன் வீட்டுக் கூரையில் இந்தச் செடியை வைத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பாவை ஆண்ட சார்லமேன் பேரரசர் காலத்து ஆணையிலேயே எழுதியிருக்கிறது. 1200 வருடப் பழக்கம்!

நான் செய்த பிழை, ஊர் நினைப்பில் நல்ல கறுப்பு மண்ணும் மக்கிய உரமும் போட்டு நட்டதுதான். கோடையில் தளதளவென்று பெரிதாக வளர்ந்தன. ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 வரை போனது. அப்போது ஒன்றும் ஆகவில்லை. பனி மேலே போர்வை மாதிரிக் கிடந்தது. மார்ச்சில் பனி உருகி, அந்தக் கொழுத்த மண் சேறாகி, இரவில் திரும்ப உறைந்து, பகலில் திரும்ப இளகி, ஏப்ரலில் பார்த்தால் எல்லாம் கூழ். குளிர் கொல்லவில்லை, ஈரம் கொன்றது. ஆகவே தங்கச்சி, மடிப்பாக்கத்துக்கும் ஸ்காபரோவுக்கும் எமன் ஒருவன்தான்.

இரண்டாம் முறை கிழவி தாமே வந்து நின்று நட வைத்தார். உடைந்த செங்கல், சரளைக்கல், மிகக் கொஞ்சம் மண், படிக்கட்டு ஓரத்துச் சரிவு. இன்றைக்குப் பதினாலு வருடம்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடையில் ஒட்டியிருக்கும் படத்தில் கருஞ்சிவப்பாக இருக்கிறதே, அது ஏப்ரல், மே மாதத்து நிறம். பனி விலகிய உடனே கறுத்த திராட்சை, செம்பு, நெருப்பு நிறங்களில் மின்னும். ஜூலை வெயிலில் பார்த்தால் அதே செடி சோம்பேறிப் பச்சை. வேறு கன்றைத் தந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்குப் போய்ச் சண்டை பிடித்த ஒருவரை எனக்குத் தெரியும். அது நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஒரு கோடையில் நடுக்கன்று திடீரென்று நெட்டையாக உயர்ந்து, நட்சத்திரம் போல இளஞ்சிவப்புப் பூ பூத்து, பிறகு அடியோடு காய்ந்தது. நோய் என்று பயந்து கிழவியிடம் ஓடினேன். அவர் சிரித்தார். பூத்தால் தாய் போய்விடும், சுற்றிலும் குட்டிகள் இருக்கும் என்றார். அட, நம்முடைய வாழை! குலை தள்ளிய வாழைக்கு யார் அழுவார்கள்?

கோத்தகிரிக்காரன்:

சென்னை அம்மா, எங்கள் ஊர்ச் செடிகளைக் கொன்றதை மன்னித்துவிட்டேன்.

நிறம் என்பது செடியின் ஒப்பனை இல்லை, அதன் முறையீடு. எச்சிவேரியாவிலும் செம்பெர்விவத்திலும் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. அதிக வெளிச்சம், குளிர்ந்த இரவு, குறைந்த நீர் என்று மூன்றும் சேர்ந்து நெருக்கும்போது இலை தன்னைக் காத்துக்கொள்ளப் பூசிக்கொள்ளும் குடை அது. எங்களுக்கு டிசம்பர், ஜனவரியில் தாழ்வான இடங்களில் உறைபனி விழும். அந்த வாரங்களில்தான் என் தோட்டம் அதிகம் சிவக்கும். உறைபனி நேரே விழுந்தால் எச்சிவேரியா இலை வெந்துபோகும் என்பதால், மாலையில் பழைய சேலையை விரித்துக் காலையில் எடுத்துவிடுவேன். பாசத்தில் யூரியா போட்டால் எல்லாம் பச்சையாகிவிடும். செல்லம் கொடுத்தால் நிறம் போகும்.

நானும் ஏமாந்தவன்தான். வெளியூரில் ஒரு சாலையோரக் கடையில் மயில் நீலத்தில் ஹவொர்த்தியா என்ற சதைப்பற்றுச் செடி ஒன்று. வாங்கும்போதே மனம் சொன்னது, கை கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து நடுவிலிருந்து வந்த புது இலை பச்சை. நகத்தால் சுரண்டினேன், நீலம் தோலாக உரிந்தது. பெயிண்ட்! அதே கடையில் வாங்கிய கள்ளியின் உச்சியிலிருந்த மஞ்சள் பூ ஏழு மாதம் வாடவே இல்லை. காய்ந்த பூவைச் சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். இணையத்தில் விற்கும் 'வானவில் சக்குலென்ட் விதை' (சக்குலென்ட் என்றால் சதைப்பற்றுச் செடி) பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. முளைத்தால் கீரையாவது முளைக்கட்டும்.

உருண்டையான சிவப்பு, மஞ்சள் கள்ளி மட்டும் ஏமாற்று இல்லை. அதற்குப் பச்சையமே கிடையாது, சொந்தமாகச் சமைக்கத் தெரியாது. அதனால் கீழே ஒரு பச்சைக் கள்ளியில் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். அடிக்கள்ளி சோர்ந்தால் மேலிருப்பதும் சேர்ந்து போகும். சில ஆண்டுகள்தான் என்று தெரிந்து வாங்குங்கள்.

திருச்செந்தூர்ப் பக்கம்:

வண்ணச் செடி மோகத்தில் நான் பட்டது வேறு மாதிரி. சென்னையில் வேலை பார்க்கும் மகன் 'நெருப்புக் குச்சி' என்று ஒரு செடியைக் கொண்டுவந்தான். இலையே இல்லாமல், பென்சில் பருமனில் குச்சிகள். அடியில் பச்சை, நுனி மஞ்சளும் செம்மஞ்சளும். நானூற்று ஐம்பது ரூபாய். என் அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "திருகுக்கள்ளியை எதற்கடா காசு கொடுத்து வாங்கினாய்?" என்றார்.

அதேதான். எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் ஆடு மாடு நுழையாமல் வேலியாக நிற்கிறதே, அந்தக் கள்ளியின் நிறம் மாறிய வகை. மகன் நம்பவில்லை, தாவரவியல் பெயரைத் தேடினான். யூபோர்பியா திருகள்ளி! கொச்சியில் இருந்த டச்சு ஆளுநர் வான் ரீட் 17-ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலிலிருந்து நம் பக்கத்துப் பெயரையே தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் எடுத்து வைத்திருக்கிறார். செடியின் பூர்வீகம் ஆப்பிரிக்காதான். ஆனால் உலகம் முழுக்க அதை அழைப்பது நம் பேச்சில்.

இனி முக்கியமான விஷயம். அந்தச் செடி நன்றாகச் சிவந்து வந்தது. உப்புக்காற்று, மணல், வெயில் எதற்கும் அசையவில்லை. கிளையை ஒடித்து இன்னொரு தொட்டியில் வைக்கலாம் என்று வெறுங்கையால் ஒடித்தேன். பால் விரலில் வழிந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்தபோது ஒரு துளி கண்ணில் பட்டிருக்க வேண்டும். அரைமணி நேரத்தில் கண்ணுக்குள் மிளகாய் அரைத்தது போல எரிச்சல், பார்வை முழுக்கப் புகை. அம்மா தலையைக் குனியவைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். தாய்ப்பால் விடச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரை விரட்டிவிட்டு ஆட்டோ பிடித்தார். கருவிழியில் புண் என்றார் கண் மருத்துவர். உடனே தண்ணீரால் கழுவியதுதான் நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னார். பத்து நாள் சொட்டு மருந்து. பார்வை முழுதாகத் திரும்பியது.

அழகான கள்ளி வாங்குபவர்களே, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்காதீர்கள். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் வேண்டும். வேலியில் நின்றவரை எங்கள் ஊரில் யாரும் இதைத் தொட்டதில்லை. தொட்டியில் வைத்து அழகு பார்த்ததும் பயம் போய்விட்டது.

சான் ஹோசே, கலிபோர்னியா:

சேகரிப்பவர்களுக்காக ஒன்று. வடக்குக் கலிபோர்னியக் கடற்கரைப் பாறைகளில் டட்லியா என்ற செடி காடாக வளர்கிறது. திருநீறு பூசியது போன்ற வெண்மை. வெயில் பட்ட நுனிகளில் சிவப்பு. முதல் முறை பார்த்தபோது, தெரியாமல் ஒரு இலையை வருடினேன். விரல் பட்ட தடம் அப்படியே நின்றது. அந்த மெழுகுப் பூச்சு போனால் அந்த இலையில் திரும்பி வராது.

சில ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் செடிகளை ஆயிரக்கணக்கில் பெயர்த்து வெளிநாட்டுக்குக் கடத்தினார்கள். அதன் பிறகு, அனுமதியின்றிப் பறிப்பதும் விற்பதும் குற்றம் என்று 2021-இல் மாநிலம் சட்டம் இயற்றியது. பாறையில் அவை இருந்த குழிகளை நான் பார்த்திருக்கிறேன். பல் பிடுங்கிய ஈறு மாதிரி இருக்கும். அபூர்வச் செடி மலிவாகக் கிடைத்தால், எங்கே வளர்ந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

மடிப்பாக்கம் மொட்டைமாடி:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி அந்த ஒன்பதாவது.

அது எச்சிவேரியாவே இல்லையாம். கிராப்டோபெட்டாலம், பெயரில் பராகுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிறந்ததோ மெக்சிகோ. தண்ணீர்த் தொட்டியின் தளத்துக்கு அடியில் இடமில்லாமல் தள்ளிவைத்தது. நான் மறந்தே போனேன். மழை நேரே படவில்லை, காலை வெயில் மட்டும் படும். தண்டு கீழே தொங்கி, உதிர்ந்த இலை ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி. தை மாதப் பனிக்காற்றில் மெல்ல இளஞ்சிவப்பும் ஏறியது. இப்போது ஆற்றுமணல், உடைத்த செங்கல், கொஞ்சம் கரித்துண்டு போட்டுப் பதினொரு தொட்டி ஆக்கியிருக்கிறேன்.

திருச்செந்தூர் அண்ணா, அந்த நெருப்புக் குச்சியில் எனக்கு ஒரு துண்டு வேண்டும். அதற்கு முன் கண்ணாடி வாங்கிவிடுகிறேன்.