மறு: மிதக்கும் கண்ணிவெடி – இந்தச் சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டில்லாமல் கடலில் அலைந்து திரியும் கண்ணிவெடிக்கு (drifting mine) தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இனியும் பேசாமல் இருந்தால் "மிதக்கும் கண்ணிவெடி" என்றே நம் கலைச்சொல் அட்டவணையிலும் மாலுமிகளுக்கான எச்சரிக்கைத் தாளிலும் ஏறிவிடும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். சரக்குக் கப்பல்களில் பதினான்கு வருடம் வாட்ச் நின்றவன் நான், இலக்கணம் படித்தவன் இல்லை. சந்தியில் தப்பு இருந்தால் அகராதிக் குழுவில் இருக்கும் அம்மா திருத்திவிடட்டும்.

இழையைத் தொடங்கிய ஐயா ஒட்டியிருந்த வரியைப் பார்த்துச் சிரித்தேன்: "கடற்படைச் சுரங்கங்கள் மிதந்து வருவதால் மாலுமிகள் விழிப்புடன் இருக்கவும்." mine என்பதைச் சுரங்கம் என்று இயந்திரம் மொழிபெயர்த்ததாக இருக்கும். சுரங்கம் மிதந்து வந்தால் விழிப்பாக இருந்து மட்டும் என்ன செய்வது? அதை விடுவோம், யாரும் அதற்கு வாதாடப் போவதில்லை.

> மிதக்கும் கண்ணிவெடி எல்லோருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. நங்கூரமிட்ட கண்ணிவெடியும் மிதக்கிற சாமான்தான். கீழே கடல் தரையில் ஒரு கனமான அடிப்பெட்டி, அதிலிருந்து மேலே ஒரு கம்பிவடம், வடத்தின் நுனியில் நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே வெடிமருந்து அடைத்த உருண்டை. உருண்டைக்குள் காற்றும் இருப்பதால் அது மேலே வரத் துடிக்கும், வடம் கீழே பிடித்து இழுக்கும், இந்த இழுபறியில்தான் அது இட்ட இடத்தில் நிற்கிறது. ஆக மிதப்பது இரண்டுக்கும் பொது. கட்டு இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம், நம் சொல்லில் அந்தக் கட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதை நான் வெறும் சொல்லாராய்ச்சிக்காகச் சொல்லவில்லை. கட்டோடு இருக்கும் வரை அதற்கு வரைபடத்தில் ஓர் இடம் உண்டு. போர் முடிந்ததும் கடற்படைகள் அந்தப் பகுதிகளைக் கோடு போட்டுக் காட்டி, நடுவே வாரிச் சுத்தம் செய்த பாதைகளை அறிவிக்கும், சரக்குக் கப்பல் அந்தப் பாதைக்குள் போனால் போதும். இரண்டாம் உலகப் போர் முடிந்து பல வருடம் வரை ஐரோப்பாவில் நெமெட்ரி வழிகள் என்று அப்படித்தான் கப்பல்கள் ஓடின. ஆனால் வடம் துருவேறியோ புயலில் தேய்ந்தோ அறுந்துவிட்டால் உருண்டை மேலே வந்து நீரோட்டத்தோடு கிளம்பிவிடும். அப்புறம் கோடு எதற்கு, பாதை எதற்கு? கருங்கடலில் 2022 மார்ச்சில் பார்த்தோமே, ரஷ்யா–உக்ரைன் போர் தொடங்கி ஒரு மாதம்தான், பாஸ்பரஸ் நீரிணையின் வாசலுக்கே ஒன்று வந்து நின்றது, துருக்கி முக்குளிப்பாளர்கள் இறங்கிச் செயலிழக்க வைத்தார்கள், இரண்டே நாளில் ருமேனியாக் கரைப்பக்கம் இன்னொன்று. அந்த வருடம் செப்டம்பரில் கண்ணிவெடி அகற்றப் போன ருமேனியக் கடற்படைக் கப்பலே ஒன்றிடம் அடிவாங்கியது.

என் சொந்த அனுபவம் ஒன்று. டானூப் முகத்துவாரம் பக்கம் ஒரு தானியக் கப்பலில் போய்க்கொண்டிருந்தோம், பகல் வாட்ச். மெஸ் ரூம் சுவரில் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தது, ஆங்கிலத்தில். டெக்கில் நம் பையன் ஒருவன், கெட்டிக்காரன், அதை எனக்குத் தமிழில் விளக்கினான்: "மிதக்கிற மைன் சார். மேப்பில கோடு போட்டிருக்கே, அதுக்குள்ள மிதக்குது. நாம வெளியேதானே போறோம், அப்புறம் என்ன?" அவனைக் குறை சொல்ல முடியாது, மிதக்கிறது என்றால் ஓர் இடத்தில் மிதக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள். குளத்தில் தாமரை மிதக்கிறது, அது எங்கும் போவதில்லை.

அன்று மதியமே அவன்தான் பிரிட்ஜ் விங்கில், அதாவது கப்பலை ஓட்டும் அறையின் ஓர மேடையில், லுக்அவுட். "சார், முன்னாடி வலப்பக்கம் ஏதோ கறுப்பா கிடக்கு, மேல ஒரு பறவை உக்காந்திருக்கு" என்றான். ரேடாரில் ஒன்றும் இல்லை, இருக்கவும் இருக்காது, தண்ணீருக்கு மேலே தலை மட்டும் தெரியும் சாமான் அலைகளின் எதிரொலிக்குள் மறைந்துவிடும். கண்தான் ரேடார், அதனால்தான் அந்த மாதிரிக் கடலில் முடிந்தவரை பகலில் போகச் சொல்கிறார்கள். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், யாரும் நிற்கக் கூடாது, மோதினால் முதல் அடி பெரும்பாலும் அங்கேதான். முன்பக்கம் பெயின்ட் வேலை பார்த்தவர்களை ஏற்கனவே பின்னுக்கு அனுப்பியிருந்தோம்.

நல்ல தூரத்தில் பார்த்ததால் பதறாமல் சுக்கானை இடப்பக்கம் திருப்பினேன். கிட்டத்தில் பார்த்திருந்தால் கதை வேறு. கப்பல் முன்பக்கத்தில் ஏதோ ஓர் இடத்தை மையமாக வைத்துத்தான் சுழலும், மூக்கு இடப்பக்கம் போனால் வால் வலப்பக்கம் வீசும். மூக்கு தப்பித்துவிட்டது என்று சும்மா இருந்தால் இருநூறு மீட்டர் பின்னால் இருக்கும் பிற்பகுதி நேராக அதன்மேல் போய் உட்காரும். அதனால் அணியம் தாண்டியதும் சுக்கானை அதன் பக்கமாகவே திருப்ப வேண்டும், வால் விலகும். ஆபத்தை நோக்கித் திருப்புவதா என்று மனசு ஒப்பாது, கை அதைப் பழகியிருக்க வேண்டும். கடைசியில் பைனாகுலரில் பார்த்தால் பாசி படிந்த பீப்பாய். பறவைக்கு எல்லாம் ஒன்றுதான்.

பீப்பாயா இல்லையா என்று கிட்டே போய்ப் பார்க்கக் கூடாது, கொக்கி போடக் கூடாது. துப்பாக்கியால் சுட்டுவிடலாமே என்று இழையில் ஒருவர் கேட்டிருந்தார். பழைய காலத்தில் கண்ணிவாரிக் கப்பல்காரர்கள் சுட்டிருக்கிறார்கள், ஆனால் பல நேரம் உருண்டை ஓட்டையாகி வெடிக்காமலே மூழ்கிவிடும், அப்படியே உயிரோடு தரையில் போய்ப் படுத்துக்கொள்ளும். சரக்குக் கப்பலின் வேலை அதுவல்ல. விலகு, நேரத்தையும் இடத்தையும் குறி, வயர்லெஸ்ஸில் அவசர அழைப்புக்கான சேனல் 16ல் சொல்லு. கண்ட ஆபத்தைத் தெரிவிப்பது கேப்டனின் கடமை என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையே சொல்கிறது. அது கரைநிலையம் வழியாக நாவ்டெக்ஸ் என்ற எழுத்துவழி எச்சரிக்கைச் சேவையில் மற்றக் கப்பல்களுக்குப் போகும், அவர்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்: இவ்வளவு மணி நேரத்துக்கு முன் இங்கே, நீரோட்டம் இந்தப் பக்கம், அப்படியானால் இப்போது எங்கே?

அந்தக் கேள்விதான் சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்கிறேன்.

> "நீவாட்டுக் கண்ணி" எப்படி? மீனவர் சொல், அழகு.

அழகுதான், எனக்கும் ஆசை. ஆனால் நீவாடு என்றால் நீரோட்டம் மட்டும்தான், காற்றும் அலையும் சேர்ந்துதான் தள்ளுகின்றன, தவிர நீவாடு என்ற சொல் தெரியாத வாசகர்தான் அதிகம். எச்சரிக்கைப் பலகையில் அகராதி பார்க்க வைக்க முடியாது.

> கட்டற்ற கண்ணிவெடி?

கட்டற்ற மென்பொருள்காரர்கள் நிறைந்த குழுவில் இதைக் கேட்ட துணிச்சலுக்கு வணக்கம். கூடவே உரிமக் கோப்பும் வருமா?

"கடற்கண்ணி" என்று வெடியை வெட்டிச் சுருக்குவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம்மில் பாதிப் பேர் வாயில் ண, ன வித்தியாசம் கிடையாது, வயர்லெஸ் இரைச்சலில் சுத்தமாகக் கிடையாது. "முன்னாடி கடற்கன்னி" என்று கேட்டால் இருக்கிற லுக்அவுட் எல்லாம் அணியத்துக்கு ஓடுவான், எங்கே நிற்கக் கூடாதோ அங்கே. என் கைபேசியும் இந்த மடலை அடிக்கும்போது இரண்டு தடவை கன்னியாக்கிவிட்டது. உயிர் சம்பந்தப்பட்ட சொல் காதில் விழுந்தும் பிழைக்க வேண்டும், அதற்கு "வெடி" கூடவே இருக்கட்டும். கடல் தரையில் கிடப்பதற்குத் "தரைக்கண்ணி" என்று ஒருவர் சொன்னதும் அதே கதி, படிப்பவர் நிலத்துக் கண்ணிவெடிக்குப் போய்விடுவார். படுகைக் கண்ணிவெடி என்று வைத்தால் தீர்ந்தது.

சரி, என் பரிந்துரை. மாடு கட்டை அறுத்துக்கொண்டு கிளம்பினால் நமக்கு என்ன தோன்றும்? எங்கே வேண்டுமானாலும் வரும், யாரை வேண்டுமானாலும் முட்டும். இந்தச் சாமானும் அப்படித்தான், கொம்பு வேறு இருக்கிறது. கொம்புள்ளதற்கு ஐந்து முழம் என்பார்கள், இதற்கு ஐந்து முழம் காணாது. உருண்டையைச் சுற்றி ஈயக் கொம்புகள், கொம்புக்குள் கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் அமிலக் கரைசல். கப்பல் உரசிக் கொம்பு வளைந்தால் குப்பி உடையும், கரைசல் வழிந்து அதுவே ஒரு பேட்டரி ஆகி வெடிக்க வைக்கும். முன்கூட்டியே சார்ஜ் தேவையில்லை என்பதால் வருடக்கணக்கில் காத்திருக்கும்.

ஆகவே "கட்டறுந்த கண்ணிவெடி". கட்டறுத்த இல்லை, கட்டறுந்த: மாடு தானே அறுக்கும், இதற்கு வடம் அறுகிறது.

சட்டம் தெரிந்த நண்பர் எழுப்பிய மறுப்பு நியாயமானது. 1907 ஹேக் உடன்படிக்கை இரண்டு வகையைத் தனித்தனியாகச் சொல்கிறது. கட்டாமல் விடும் கண்ணிவெடி, விட்டவர் கைப்பிடியிலிருந்து போன ஒரு மணி நேரத்துக்குள் செயலிழந்துவிட வேண்டும். கட்டிப் போட்டது, கட்டு அறுந்த உடனே செயலிழக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் யார் மேல் தப்பு என்பதே குழம்பும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிட்ஜில் நிற்பவனுக்கு அது எப்படிக் கிளம்பியது என்று தெரியப் போவதில்லை, செயலிழந்துவிட்டதா என்றும் தெரியாது. வடத்தின் இழுவிசை போனால் சுற்று துண்டிக்கப்படும் அமைப்பு இருக்கும் என்பது ஏட்டில். துருப்பிடித்த விசையை நம்பி யார் உரசிப் பார்ப்பது? எல்லாம் உயிரோடு இருப்பதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும்.

எனவே அட்டவணையில் பொதுத் தலைச்சொல்லாக "அலைகண்ணிவெடி", அதற்குக் கீழே கட்டறுந்தது, கட்டாமல் விட்டது என்று இரண்டு. அலைந்து திரியும் என்ற பொருளில் வினைத்தொகை என்பதால் நடுவில் க் வராது என்று நினைக்கிறேன். யாராவது க் போட்டு அலைக்கண்ணிவெடி என்று அச்சடித்தால் அது அலையின் கண்ணிவெடி ஆகிவிடும், அலை வெடிக்கிறதா என்று கேட்பார்கள். மாலுமிகளுக்கான தாளில் மட்டும் சுருக்கம் பார்க்காமல் "கட்டறுந்து அலையும் கண்ணிவெடி" என்று முழுசாகப் போடுவோம். நீளம்தான், இருக்கட்டும், சுவரில் இடம் இருக்கிறது.

நேற்று இந்த வரியை மட்டும் அந்தப் பையனுக்கு அனுப்பினேன், விளக்கம் ஏதும் சொல்லவில்லை. இப்போது வேறு கப்பலில் இருக்கிறான். இரவு பதில் வந்தது: "அப்போ கோட்டுக்கு வெளியவும் வருமா சார்?"

தாள் அச்சுக்குப் போகுமுன் அந்த க் விஷயத்தை மட்டும் யாராவது உறுதி செய்யுங்கள்.