புதுப்பிப்பு: அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரி விண்ணப்பம்

பி.டி.எஸ். முடித்து மன்னார்குடிப் பக்கம் கிளினிக்கில் இருந்துகொண்டே அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிறேன், விண்ணப்பத்தோடு தரவேண்டிய கட்டுரையில் என்ன எழுதுவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். கட்டுரை முடிந்து, கேப்பிட் (CAAPID, வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பொதுத் தளம்) தளத்தில் ஏற்றியாயிற்று.

'சிறுவயதுக் கனவு' பத்தியைத் தூக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. அந்த இடத்தில் நடவு வேலைக்குப் போகும் ஓர் அக்கா வந்தார் (அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டேன்). வருடக்கணக்காகப் பாக்கும் புகையிலையும் மென்றதில் வாய்க்குள் இரண்டு விரல் நுழையவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தொட்டால் நார் நாராகத் தட்டுப்பட்டது. ரசம் பட்டாலே எரிச்சல். பாக்கை விடச் சொன்னதும், "வயல்ல பசிய அடக்குறதே அதுதான் டாக்டரம்மா" என்றார். இறுகிய சதை தானாக இளகாது, புற்றுநோயாகவும் மாறலாம் என்பதை அவர் மிரண்டு ஓடிவிடாமல் எப்படிச் சொன்னேன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

ஐ.என்.பி.டி.இ. (INBDE, அமெரிக்கப் பல் மருத்துவ உரிமத்துக்கான தேசிய எழுத்துத் தேர்வு) முடிவில் தேர்ச்சி, தோல்வி மட்டும்தான், தேர்ச்சி பெற்றால் மதிப்பெண் கிடையாது. அதனால் கட்டுரைக்கும் நேர்காணலுக்கும் கனம் அதிகம் என்பது என் கணிப்பு.

நேர்காணலுக்குத் தோழியோடு ராத்திரியில் பயிற்சி. "நல்ல பற்களையும் பிடுங்கச் சொல்லி நோயாளி அடம்பிடித்தால்?" மாதிரிக் கேள்விகளுக்கு மனப்பாடப் பதில் உதவாது, யோசிப்பதையே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில கல்லூரிகள் செய்முறைத் தேர்வாக, பொம்மைப் பல்லை கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை) பொருந்தும்படி செதுக்கவும் சொல்கின்றன. அதில் பழகியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.