ஒரு குவார்ட்டரை எப்படி எண்ணுவது: மது, போதைப் பழக்க ஆய்வுகளில் வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

குடியாத்தம், முன்னாள் களப்பணியாளர்:

போதைப் பழக்கம் பற்றிய கூட்டு ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் நேரில் கண்டதை எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் மூன்று ஆண்டுகள் அப்படிப்பட்ட ஓர் ஆய்வில் களப்பணி செய்தேன். திட்டத்தை வகுத்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள், மருத்துவர்கள் இங்கே இருந்தார்கள், குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டவர்கள் நாங்கள் ஆறு பேர். ஆய்வின் முடிவுகளைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. ஒரே ஒரு கேள்வியில் நாங்கள் செய்த பிழையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பிழை இன்றுவரை என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

எங்கள் கையில் இருந்தது ஒருவருடைய குடிப்பழக்கத்தை அளக்க உதவும், ‘ஆடிட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் வினாத்தாள். ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த கூட்டு ஆய்வின் வழியாக உலக சுகாதார நிறுவனம் அதை உருவாக்கியது. மொத்தம் 10 கேள்விகள், உச்ச மதிப்பெண் 40. 8 அல்லது அதற்கு மேல் வந்தால், அவருடைய குடி தீங்கு தரும் நிலையை எட்டிவிட்டது என்று கொள்ள வேண்டும். இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் வழக்கமாக எத்தனை அலகு மது குடிப்பீர்கள் என்பது. பயிற்சியின்போது அதைத் தமிழில் பத்து முறையாவது வாசித்திருப்பேன். அலகு என்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை, எனக்கு யாரும் சொல்லவுமில்லை.

முதல் வாரத்தில், பேரணாம்பட்டுப் பக்கத்தில் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தபடி எனக்குப் பதில் சொன்னார். “டெய்லி ஒரு கோட்டர்தாம்மா. அதுக்கு மேல ஒரு சொட்டு தொடமாட்டேன், எங்க வூட்ல கேட்டுப் பாரு.” உள்ளேயிருந்து அவருடைய மனைவியும் ஆமாம் என்றார். நான் ‘1 அல்லது 2’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். ஒரே நேரத்தில் ஆறு அலகும் அதற்கு மேலும் குடிப்பதுண்டா என்பது மூன்றாவது கேள்வி. அதற்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று நானே பொருள் கொண்டு எழுதினேன். அந்த வாரத்தில் பதினொரு வீடுகளில் அப்படித்தான் எழுதினேன்.

சனிக்கிழமை தாள்களைச் சரிபார்த்த மேற்பார்வையாளர் அக்கா ஒரு தாளின் பின்பக்கத்தில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் நாட்டு பிராந்தி, விஸ்கி பாட்டில்களில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு மில்லி ஆல்கஹாலின் எடை ஏறக்குறைய 0.79 கிராம். மூன்றையும் பெருக்கினால் 61 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஓர் அலகு 10 கிராம். ஆகவே அந்தப் பெரியவர் தினமும் குடித்தது ஓர் அலகு அல்ல, ஆறு அலகு. தினமும் குடிப்பதற்கு முதல் கேள்வியில் 4 மதிப்பெண், அளவுக்கு 2, ஆறு அலகைத் தினமும் தொடுவதற்கு மேலும் 4, ஆக முதல் மூன்று கேள்விகளிலேயே அவருக்கு 10 மதிப்பெண் வந்திருக்க வேண்டும். நான் கொடுத்தது வெறும் 4. என் பேனாவினால் அவர் ஆபத்தில்லாதவர்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டார், ஆலோசனைக்கு அனுப்பப்பட வேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லாமல் போய்விட்டது.

பதினொரு வீடுகளுக்கும் திரும்பப் போனேன். இந்த முறை பையில் ஒரு காலி குவார்ட்டர் பாட்டிலும் ஓர் எவர்சில்வர் தம்ளரும் இருந்தன. பாட்டிலைக் காட்டி, இதில் எந்த மட்டம் வரை என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டிவிடுகிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு குவார்ட்டரைப் பகிர்ந்துகொள்ளும் ‘கட்டிங்’ மூன்று அலகு என்பதையும் எங்கள் கையேட்டில் எழுதிக்கொண்டோம். மாதந்தோறும் நடந்த காணொலிக் கூட்டத்தில் இதை விளக்கியபோது, வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் கட்டிங் என்ற சொல்லை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, தம் குறிப்பில் அப்படியே எழுதிக்கொண்டார். கூட்டு ஆய்வு என்றால் என்ன என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சாராயத்தை மட்டும் எங்களால் கடைசி வரை சரியாக எண்ண முடியவில்லை. மலையடிவாரத்தில் பாக்கெட்டில் விற்கப்படும் சாராயத்தின் வீரியம் ஊறலுக்கு ஊறல் மாறும், யார் எவ்வளவு தண்ணீர் கலந்தார்கள் என்பது குடிப்பவருக்கே தெரியாது. அதற்குத் தனிக் கட்டம் ஒன்று போட்டு, பாக்கெட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதினோம்.

‘கடந்த 12 மாதங்களில்’ என்று தொடங்கும் கேள்விகளும் எளிதாக இல்லை. வாரக் கூலி வாங்குபவருக்குப் பன்னிரண்டு மாதம் என்பது ஒரு கணக்கே அல்ல. அதனால் ஓர் அட்டையில் பொங்கல், மாசி மயானக்கொள்ளை, வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஆடிக் கிருத்திகை, தீபாவளி என்று வரிசையாக எழுதிக்கொண்டு, சிரசுக்கு முன்பா பின்பா என்று கேட்டோம். அப்படிக் கேட்டால் நாள் கணக்குத் தானாகவே வந்தது. ஆய்வு நூல்களிலும் நாள்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டிக் கேட்கும் இத்தகைய முறை இருக்கிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நம் ஊரில் மட்டுமே புரியக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் நோட்டுமாகப் போனால், மலையடிவாரக் கிராமங்களில் எங்களை மதுவிலக்குப் போலீஸ் என்றே நினைத்தார்கள். சேலத்தில் 1937இல் மதுவிலக்கு வந்தது, நம் பகுதி அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு 1939இலேயே வந்துவிட்டது. 1971இல் அதைத் தளர்த்தினார்கள், சில ஆண்டுகளில் மறுபடியும் கொண்டுவந்தார்கள். 2003 முதல் அரசு நிறுவனமே கடை நடத்துகிறது. இத்தனை மாற்றங்களையும் பார்த்த குடும்பங்களில், நோட்டுடன் வருபவரிடம் குடியைப் பற்றி உண்மை பேசக்கூடாது என்பது தாத்தா காலத்திலிருந்து கற்ற பாடம். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். நாங்கள்தான் மூன்றாவது முறை, நான்காவது முறை என்று போய் உட்கார்ந்து அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

அணைக்கட்டு, ஆய்வில் பங்கேற்றவர்:

அக்கா எழுதியதைப் படித்தேன். நான் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவன். வேறோர் ஆய்வு, ஆனால் ஊர் அதே பக்கம்தான். தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், குடித்துக்கொண்டும் இருந்தேன். முதல் முறை வந்த தம்பி ஒப்புதல் படிவத்தை வாசலில் நின்று வாசித்தார். என் மாமியார் முறத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், எதிர்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ‘நீங்கள் சொல்லும் பதில் ரகசியமாகக் காக்கப்படும்’ என்ற வரியை அவர் தெருவே கேட்கும்படி சத்தமாக வாசித்தார். நான் எப்போதாவது பீர் குடிப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பத்து நாள் கழித்து வேறொருவர் வந்து, “அண்ணே, ஏரிக்கரைப் பக்கம் நடந்துகிட்டே பேசலாமா?” என்று கேட்டார். அவரிடம்தான் உண்மையைச் சொன்னேன்.

சொல்லிவிட்ட பிறகு எனக்கே அவமானமாகி, யாரிடமும் கேட்காமல் அன்று இரவே குடியை நிறுத்தினேன். அது ஆபத்து என்பது தெரியாது. மறுநாள் கை நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் இரவு சுவர் முழுவதும் எறும்பு ஊர்வதாகக் கத்தினேன் என்று மனைவி சொன்னாள், எனக்கு நினைவில்லை. நெடுநாள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இப்படி வரலாம், வலிப்பு வரலாம், உயிர்கூடப் போகலாம் என்று மருத்துவமனையில் சேர்த்த பின்னர்தான் விளக்கினார்கள். பி1 வைட்டமின் ஊசியும் தூக்கமாத்திரையும் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். கேள்வி கேட்க வருபவர்களிடம் நான் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே, ‘திடீரென நிறுத்த வேண்டாம், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்’ என்று எழுதிய சீட்டு உங்கள் பையில் இருக்கட்டும். பெங்களூரில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மதுவினால் நோயுற்றவர்களில் 86.3 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று தெரிய வந்தது. அதனால் உங்களில் பலர் சந்திப்பது, இதுவரை எந்த மருத்துவரையும் பார்க்காத ஒரு குடிநோயாளராகத்தான் இருக்கும்.

இன்னொரு மனக்குறையும் எனக்கு இருந்தது. இரண்டாவது கட்டத்தில் எங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு வாரந்தோறும் ஆலோசகர் வந்து பேசுவார், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யார் எந்தப் பக்கம் என்று எழுதி வைத்த உறையைப் பிரித்தபோது நான் மற்றவர்கள் பக்கம் இருந்தேன். என்னைத் தள்ளி வைத்துவிட்டதாகக் கோபம் வந்தது. பல மாதங்கள் கழித்து, கோவாவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி மருத்துவர் ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சங்கத் என்ற அமைப்பும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களிடம் நடத்தியது அது. மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்களே ஆலோசனை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் தீங்கான குடியிலிருந்து விடுபட்டிருந்தார்கள், பெறாதவர்களில் 26 சதவீதம் பேர். அந்த 26 தெரியாவிட்டால் 36க்கு மதிப்பில்லை என்றார். எனக்குப் புரிந்தது. ஆனால் உறையைப் பிரிக்கும் முன்பே இதைச் சொல்லியிருக்கலாம்.

காட்பாடி, செவிலியர்:

மதுவைப் பற்றியே பேசுகிறோம். ஊசி வழியாக வலி மாத்திரை ஏற்றிக்கொள்ளும் பையன்களை வீடு வீடாகப் போய்க் கண்டுபிடிக்க முடியாது. கதவைத் திறக்கும் தாய்க்கே அது தெரியாது. போதைப் பழக்கம் பற்றி 2019இல் வெளியான தேசிய ஆய்வை டெல்லி எய்ம்ஸின் தேசிய போதை சிகிச்சை மையம், 10 மருத்துவ நிறுவனங்களோடும் 15 தன்னார்வ அமைப்புகளோடும் சேர்ந்து நடத்தியது. 2,00,111 வீடுகளுக்குப் போனபிறகும், சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. பங்கேற்ற ஒருவர் கையில் சில சீட்டுகளைக் கொடுத்து, அவருக்குத் தெரிந்தவர்களை அவரே அழைத்து வரச் செய்யும் முறையில் 72,642 பேரைச் சந்தித்தார்கள்.

இதே முறையில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் நானும் இருந்தேன். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் மூன்று சீட்டையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தான். “இத எவனாச்சும் போலீஸ்ல காட்டிட்டா இன்னா பண்றது அக்கா?” என்று கேட்டான். 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருப்பதையும், சிறிய அளவு வைத்திருந்ததற்காக வழக்கு வந்தாலும் தானாகச் சிகிச்சைக்கு முன்வருபவருக்கு அது பாதுகாப்பு தருவதையும் அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. சீட்டில் பெயர் இல்லை, வெறும் எண்தான் என்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில் ஒரு சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அந்த ஒரு சீட்டின் வழியாக மூன்று வாரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள்.

குடியாத்தம், முன்னாள் களப்பணியாளர்:

தம்பி, வாசலில் வாசித்த அந்தத் தவறை நாங்களும் முதல் மாதத்தில் செய்தோம். அதைப் படித்தபோது மனம் கனத்தது.

முடிவுகளை ஊருக்கே திரும்பக் கொண்டுபோனதையும் எழுதிவிடுகிறேன். ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் ஒரு மேசையில் காலி குவார்ட்டர் பாட்டிலையும் அதன் பக்கத்தில் ஆறு சிறிய தம்ளர்களையும் வைத்து விளக்கினோம். நான் முதலில் தவறாக எழுதிய அந்தப் பெரியவர் வரவில்லை. அவருடைய மனைவி வந்து முன்வரிசையில் உட்கார்ந்து ஆறு தம்ளரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் கலைந்த பிறகு, “எம்மா, அவர பத்து கேள்வி கேட்டீங்க. என்னை ஒண்ணுமே கேக்கலியே?” என்றார்.

அந்த வினாத்தாளில் குடும்பத்தாரைப் பற்றி வருவது பத்தாவது கேள்வி மட்டும்தான், உறவினரோ நண்பரோ மருத்துவரோ உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டா என்பது. அதையும் குடிப்பவரிடமே கேட்கிறோம். வேலூர் பாகாயத்தில் உள்ள மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதை அறிந்த ஊரிலிருந்து போன எனக்கே இந்தக் குறை தோன்றவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதி அடுத்த காணொலிக் கூட்டத்தில் வாசித்தேன். வீட்டுச் செலவு, தூக்கம், அடி, பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றைப் பற்றி மனைவியிடம் தனியாகக் கேட்கும் ஒரு பகுதியை அடுத்த கட்டத்தில் சேர்த்தார்கள். அதற்கான தமிழ் வாக்கியங்களை நாங்கள் ஆறு பேரும் குடியாத்தத்தில் உட்கார்ந்து எழுதினோம், அந்த அம்மாவையும் அழைத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினோம். நான்கு கேள்விகளை அவர் மாற்றச் சொன்னார், மாற்றினோம்.