உம்கெனி ஆறு: எல்லாப் பழியும் வெள்ளத்து மேலதானா?

ப்ளூலகூன் தூண்டில்: நேத்து மணியம் அண்ணன் இங்க எழுதினது: "2022 வெள்ளம் வரைக்கும் நம்ம உம்கெனி பளிங்கா இருந்துச்சு, மழைதான் கெடுத்துச்சு." படிச்சதும் டீ புரையேறிடுச்சு. முப்பது வருஷமா டர்பன்ல அந்த ஆத்து முகத்துவாரத்துல தூண்டில் போடுறவன் நான். பளிங்காம்! தென்னாப்பிரிக்க அரசு கழிவுநீர் அமைப்புகளுக்கு மார்க் போடுற கிரீன் டிராப் அறிக்கையைப் பாருங்க. நகராட்சிக் கழிவுநீர் அமைப்பு 850-ல 334 படுமோசம். கணக்கெடுத்தது 2021. வெள்ளம் 2022 ஏப்ரல். எது முன்னாடி?

கோவில் மணியம்: தம்பி, 334 நாடு முழுசுக்கும். டர்பன்ல எத்தனை? அதைச் சொல்லு. நானூறு பேருக்கு மேல பலி வாங்கின வெள்ளம் அது. சுத்திகரிப்பு நிலையம், பம்ப் எல்லாம் நாசம். கடற்கரையையே மூடினாங்க. உனக்குத் தூண்டில் முள்ளு மட்டும்தான் தெரியும்.

ப்ளூலகூன் தூண்டில்: 2013-ல படுமோசம் 248. அப்புறம் 334. இடையில எந்த வெள்ளம் அண்ணே? நோவா காலத்து வெள்ளமா?

கோவில் மணியம்: டர்பன்ல எத்தனை?

சாட்ஸ்வர்த் பேத்தி: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. 'படுமோசம்'னா என்னன்னு யாராவது கேட்டீங்களா? சுத்திகரிப்பு நிலையத் தொட்டியில காத்து ஊதி நுண்ணுயிரியை வளர்ப்போம், அது அழுக்கைத் தின்னும். நிலையம் நின்னா அதே வேலை ஆத்துக்குள்ள நடக்கும். தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜனை நுண்ணுயிரியே இழுத்துக்கும், மீன் மூச்சு முட்டும். அம்மோனியா வேற இருக்கு. சுத்திகரிச்சு ஆத்துல விடுற தண்ணியில அதுக்குப் பொது வரம்பு லிட்டருக்கு 6 மில்லிகிராம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்தா ஆகாயத்தாமரைக்கு விருந்து.

கோவில் மணியம்: பாடம் நல்லாருக்கு பாப்பா. இதுல டர்பன் எங்க வருது?

சென்னை வரவு: எங்க கூவத்தைப் பார்த்துட்டு வந்தவனுக்கு உம்கெனி கங்கை சார். சும்மா குறை சொல்லாதீங்க.

ப்ளூலகூன் தூண்டில்: நேத்து பிளேன்ல இறங்கினவர் தீர்ப்பு சொல்றார். எங்க கொள்ளுத்தாத்தா இங்க கரும்பு வெட்ட வந்தவர் ஐயா. இது எங்க ஆறு. பீச்வுட் சதுப்புநிலக் காட்டுப் பக்கம் ஒருநாள் காலையில நின்னு மூச்சு இழுத்துப் பாருங்க.

சென்னை வரவு: நாலு தலைமுறையா இருந்தும் 'பளிங்கா'ன்னுதான் எழுதுறீங்க. 'பளிங்காய்'.

ப்ளூலகூன் தூண்டில்: அது அண்ணன் எழுதினது! நான் எடுத்துப் போட்டேன். முதல்ல படிக்கக் கத்துக்கோங்க. 334.

கோவில் மணியம்: பேச்சு வழக்குக்கும் இலக்கணமா? போகட்டும். தம்பிக்குக் கோவம் ஆத்து மேல இல்ல. போன தைப்பூசத்துல மைக் குடுக்கலன்னு.

ப்ளூலகூன் தூண்டில்: குடுக்கலையா? பிடுங்கினீங்க! கரையில விட்ட பூவையும் பிளாஸ்டிக்கையும் அள்ளணும்னு சொன்னேன், அது குத்தமா?

கோவில் மணியம்: சாமி பூவால ஆறு கெட்டுச்சாம்! கேட்டுக்கோங்க மக்களே.

சாட்ஸ்வர்த் பேத்தி: பெரியப்பா, அவர் அப்படிச் சொல்லல. குழாய் அடைப்பு, மின்வெட்டுல பம்ப் நிக்கிறது, பராமரிப்பு இல்லாதது, இதெல்லாம் வெள்ளத்துக்கு முன்னாடியே இருந்த நோவு. வெள்ளம் அதுக்கு மேல விழுந்த அடி. ரெண்டும் சரியா இருக்கலாமே?

ப்ளூலகூன் தூண்டில்: இருக்கலாம்னு நீ சொல்லு, அவர் சொல்லட்டும். 2021-ல எண்ணினது 334. பளிங்கு!

கோவில் மணியம்: ஞாயிறு நாலு மணிக்குக் கமிட்டிக் கூட்டம். டர்பன் கணக்கோட வந்து பேசு.

ப்ளூலகூன் தூண்டில்: மைக் குடுப்பீங்களா?

கோவில் மணியம்: டர்பன்ல எத்தனை?